பழுதுக்குப் பக்கத்தில்: தொழிற்பழகுநர் பயிற்சியும் பராமரிப்புப் பணியும்



தொழில் வளர்ச்சி பற்றிய கூட்டங்களில் எத்தனை கார், எத்தனை பம்பு, எத்தனை டன் நூல் என்று கணக்குச் சொல்கிறோம். அவற்றைச் செய்யும் எந்திரங்களை ஓட வைத்துக்கொண்டிருப்பவரைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே எழுவதில்லை. எந்திரம் ஓடும்வரை அவர் யார் கண்ணிலும் படமாட்டார். நின்றுவிட்டால் மேலாளர் முதல் கேட் காவலர் வரை அவரைத் தேடுவார்கள். பராமரிப்புப் பிரிவின் அந்தத் தொழில்நுட்பர் எப்படி உருவாகிறார், அவரை உருவாக்க வேண்டிய அப்ரண்டிஸ் பயிற்சி எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பழுது பார்க்கும் அறிவில் ஒரு பகுதியை வகுப்பறையில் கொடுக்கலாம். மீதியை, நின்றுபோன எந்திரத்துக்குப் பக்கத்தில், விஷயம் தெரிந்த ஒரு மூத்தவரோடு நின்றுதான் வாங்கிக்கொள்ள முடியும். அந்த நேரத்தை அப்ரண்டிஸுக்குக் கொடுக்காத இடத்தில், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், பயிற்சி நடக்கவில்லை.

உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கு ஒரே வேலை திரும்பத் திரும்ப வருகிறது. கை சில வாரங்களில் பழகிவிடும். பராமரிப்பில் இருப்பவருக்கு நாளை என்ன வேலை என்பதே தெரியாது. தெரிந்த வேலையும் வேறு முகத்தோடு வரும். ‘மோட்டார் சூடாகிறது’ என்று ஒரு புகார் வருகிறது என்று வையுங்கள். சுமை அதிகமாக இருக்கலாம். மூன்று ஃபேஸில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். நூற்பாலையாக இருந்தால் பஞ்சு படிந்து காற்றுவழி அடைத்திருக்கலாம். பேரிங் போயிருக்கலாம். பேரிங்கில் கிரீஸ் குறைந்திருக்கலாம். கிரீஸ் அதிகமாகிவிட்டாலும் சூடேறும் என்பதை இளைஞர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். அறிகுறி ஒன்று, காரணம் ஆறு. எதைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது என்று அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்.

பேரிங்கையே எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு புளோயர் மோட்டாரின் பேரிங் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஃபிட்டர் வந்து புதியதை மாட்டிவிட்டு, ‘பேரிங் மாற்றப்பட்டது’ என்று எழுதிப் போவார். எழுதியது உண்மைதான், காரணம்தான் அதில் இல்லை. ஒருநாள் மூத்த ஃபிட்டர் ஒருவர், கூட இருந்த அப்ரண்டிஸைக் கூப்பிட்டு, “தம்பி, பழசைத் தூக்கிப் போட்டுடாதே. வெளி வளையத்தை அறுத்துக் கொண்டு வா” என்றார். அறுத்துத் துடைத்துப் பார்த்தால், குண்டுகள் ஓடும் பாதையில் குறுக்குக் கோடுகள், ஒரே சீரான இடைவெளியில், தகரக் கூரையின் நெளிவு போல ஓடியிருந்தன. அடித்து மாட்டியதால் வரும் தழும்பு அப்படி இருக்காது. உள்வளையம் ஷாஃப்டில் இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங்கை வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால், அடியின் வேகம் குண்டுகள் வழியாகப் போகும். குண்டுகள் இருந்த இடத்தில் மட்டும் குழி விழும். இது வேறு. மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் வரும் கோடு. அந்த மோட்டாருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பொருத்தியிருந்தார்கள். டிரைவிலிருந்து ஷாஃப்டில் ஏறிய மின்னோட்டம் பேரிங் வழியாக நிலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஷாஃப்டுக்கு எர்த் பிரஷ் வைத்து, காப்பு பூசிய பேரிங் போட்ட பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

அந்த அப்ரண்டிஸ் அன்று கற்றதைக் கணக்கிட்டுப் பாருங்கள். கெட்டுப்போன பாகம் ஒரு சாட்சி. விசாரித்து முடியும்வரை ஸ்கிராப் பெட்டிக்குப் போகக் கூடாது. மெக்கானிக்கல் பழுதுக்குக் காரணம் எலக்ட்ரிக்கல் பக்கம் இருக்கலாம். புதிய பேரிங்கை எண்ணெய்த் தொட்டியிலோ இண்டக்‌ஷன் ஹீட்டரிலோ சூடேற்றி ஏற்ற வேண்டும், 120 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது, தீச்சுடரை நேரே காட்டவே கூடாது. இவை எல்லாம் புத்தகத்தில் உண்டு. ஆனால் எந்தப் பக்கத்தை எப்போது புரட்ட வேண்டும் என்பதை அந்த மூத்தவர்தான் காட்டினார்.

இப்படிக் கற்றுக்கொள்வதற்கான அமைப்பு நம் நாட்டில் இல்லாமல் இல்லை. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள், 1950இல், கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி ஐ.டி.ஐ.கள் வந்தன. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. 1973இல் அதைத் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். சட்டத்துக்கு முன்பே ரயில்வே பணிமனைகளில் இந்த மரபு வேரோடியிருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்கு வந்தபோது, எந்திரங்களோடு குருவும் சீடனுமாகக் கைத்தொழில் கற்கும் வழக்கமும் கூடவே வந்தது. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்ட ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிஸ் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரைபடத்தையும் எந்திரத்தையும் வரவழைக்கலாம். அந்த எந்திரங்களைப் பல்லாண்டு காலம் ஓட வைக்கும் கைகளை இங்கேதான் பழக்கி எடுக்க வேண்டியிருந்தது. திருச்சி பெல், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, நெய்வேலி என்று பின்னால் வந்த பொதுத்துறை நிறுவனங்களும் அப்ரண்டிஸ்களை எடுத்தன. நம் மாநிலத்தில் தனியார் ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுகளுக்குத் தலைமை தாங்கியவர்களில் எத்தனையோ பேர் இந்த இடங்களில் கை பழகியவர்கள்.

ஆரம்பம் எங்கும் ஒன்றுதான்: வைஸில் ஓர் இரும்புத் துண்டு, கையில் அரம். மாணவத் தம்பிகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். “சி.என்.சி. வந்துவிட்ட காலத்தில் எதற்கு சார் இந்த ஃபைலிங்?” நியாயமான கேள்வி. சதுரமாக அராவிய துண்டை யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை. ஆனால் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எந்த ஓரம் உயர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த ஓரத்தை மட்டும் தேய்க்கப் பழகிய கைக்கு, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பின்னாளில் மோட்டாரையும் பம்பையும் நேர்படுத்தும்போது, டயல் கேஜைப் பார்த்தபடி 0.05 மில்லிமீட்டர் ஷிம் தகட்டை எந்தக் காலுக்கு அடியில் வைப்பது என்ற முடிவு, அந்தக் கைக்குத்தான் பயமில்லாமல் வரும். அலைன்மென்ட் தவறினால் கப்ளிங்கும் சீலும் பேரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். லேசர் கருவி வந்த பிறகும் இது மாறவில்லை. கருவி அளவைச் சொல்லும். அடிக்கால்களில் ஒன்று தரையில் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டிருப்பதை, போல்ட்டைத் தளர்த்தும்போது உணர வேண்டியது ஆள்தான்.

இதற்குப் பிறகு வருவதுதான் பயிற்சியின் உயிர்ப் பகுதி: பழுதைக் கண்டுபிடிப்பது. நல்ல மூத்தவர்கள் பிரேக்டவுனுக்குப் போகும்போது ஸ்பேனரை எடுக்கமாட்டார்கள். ஆபரேட்டரிடம் போவார்கள். “என்னம்மா ஆச்சு? எப்போ நின்னுச்சு? அதுக்கு முன்னாடி சத்தம் ஏதும் மாறிச்சா? நேத்து யாராவது இதுல வேலை பார்த்தாங்களா?” நாள் முழுவதும் அந்த எந்திரத்தோடு இருப்பவர் ஆபரேட்டர், அவருக்குத் தெரிந்ததை மதித்துக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அப்ரண்டிஸுக்கு இது பெரிய பாடம். ஐ.டி.ஐ. சான்றிதழ் கையில் இருக்கும் இளைஞருக்கு, பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண்மணியிடம் போய் விவரம் கேட்கும் பணிவு தானாக வராது. மூத்தவர் கேட்பதைப் பார்த்துத்தான் வரும்.

கேட்ட பிறகு பார்ப்பது, தொட்டு உணர்வது, முகர்வது. கருகிய இன்சுலேஷனின் வாடையை எந்தப் பாடநூலும் முகரக் கொடுக்க முடியாது. அதன் பிறகு அளப்பது. பிரித்துத் திறப்பது கடைசியில்தான். பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி உள்ள எந்திரம் என்றால், உள்ளீட்டு விளக்கு எரிகிறதா, வெளியீட்டு விளக்கு எரிகிறதா, கான்டாக்டர் இழுக்கிறதா, மோட்டாருக்கு மின்சாரம் வந்து சேருகிறதா என்று வழியைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். பெரிய கோளாறு என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, ஒரு சென்சாரைப் பிடித்திருக்கும் பட்டையின் திருகு தளர்ந்து அது இம்மி நகர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் சென்சாரை மாற்றுவார், பிறகு கேபிளை மாற்றுவார், பிறகு கார்டையே மாற்றுவார். மாற்றும் வேலையில் எங்கேயோ கைபட்டுப் பட்டை பழைய இடத்துக்கு வந்து எந்திரம் ஓடிவிட்டால், கார்டுதான் பழுது என்று ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பார். அவர் நாளை சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

பயிற்சி கொடுத்த காலத்தில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்திரத்தைத் திறப்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறாய், எதனால் அப்படி நினைக்கிறாய் என்பதை அப்ரண்டிஸ் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். திறந்த பிறகு இருவரும் அதைப் படிப்போம். தவறாக இருந்தால் யாரும் திட்டப் போவதில்லை. ஆனால் எழுதாமல் திறக்கக் கூடாது. ஊகத்தை முன்கூட்டியே எழுதியவருக்குத்தான் உள்ளே பார்த்தது மனத்தில் தைக்கும். எழுதாதவர், பார்த்த பிறகு ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்று நம்பிவிடுவார். சில மாதங்களில் அந்தச் சீட்டுகளின் தரம் உயர்வதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து, பயிற்சி நடக்கிறதா என்று அறிய இதைவிட நேரடியான அளவுகோல் வேறில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. பராமரிப்பு வேலையில் விபத்து, எந்திரம் ஓடும்போது நடப்பதைப்போலவே, நின்றுகொண்டிருக்கும்போதும் நடக்கிறது. ஒருவர் உள்ளே கை வைத்திருக்க, இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போடுகிறார். அதனால்தான் சுவிட்சுக்குப் பூட்டும் எச்சரிக்கை அட்டையும். ஒருவருக்கு ஒரு பூட்டு, அதன் சாவி அவரிடம் மட்டும். அப்ரண்டிஸுக்கு முதல் நாளே சொந்தப் பூட்டு ஒன்று கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளவும் பழக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினாலும் ஹைட்ராலிக் அக்குமுலேட்டரில் அழுத்தம் இருக்கும், தூக்கி நிற்கும் பிரஸ் தன் எடையால் இறங்கும், டிரைவின் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.

பூட்டைப்போலவே, விட்டுச்செல்லும் செய்தியும் முக்கியம். 1988 ஜூலை 6ஆம் நாள் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்த் தளம் வெடித்து எரிந்து 167 பேர் இறந்தார்கள். அந்தத் தளத்தில் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டை வைத்திருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. இரவு ஷிஃப்டில் இருந்தவர்களுக்கு வால்வு இல்லை என்ற செய்தி போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்பு நின்றுவிட்டது. வால்வு இல்லாத பம்பை ஓட்ட முயன்றார்கள். தகட்டின் வழியே கசிவு. கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை 1990இல் அளித்த அறிக்கை, நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று முடிவுக்கு வந்தது. வேலை அனுமதிச் சீட்டு, ஷிஃப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போவது என்ற இரண்டு சாதாரண விஷயங்கள் தவறிய இடம் அது. பழுது பார்ப்பவரின் கையெழுத்துக்கும் அவர் விட்டுச்செல்லும் செய்திக்கும் எவ்வளவு எடை உண்டு என்று அப்ரண்டிஸுக்குச் சொல்ல இந்த ஒரு நிகழ்ச்சி போதும். நம் ஊரில் பல ஆலைகளில் லாக்-புக் எழுதும் வேலை, ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் அப்ரண்டிஸின் தலையில் கட்டப்படுகிறது. அவர் பார்க்காத வேலையை அவர் எழுதுகிறார். இதை உடனே நிறுத்த வேண்டும். செய்தவர் எழுத வேண்டும். அப்ரண்டிஸ் பக்கத்தில் இருந்து படித்துக் கேள்வி கேட்க வேண்டும்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். சட்டம் அப்ரண்டிஸ்களின் எண்ணிக்கையைப் பெருக்க விரும்புகிறது. 2014இல் திருத்தம் வந்தது. முதலாளிகளுக்கு இருந்த சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் நின்றது. 2016இல் உதவித்தொகையின் ஒரு பங்கை மைய அரசு ஏற்கும் திட்டம் வந்தது. 2019இல் விதிகளை மாற்றி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்றார்கள். மாத உதவித்தொகையைப் படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக வைத்தார்கள். வாய்ப்புப் பெருகியதை நான் வரவேற்கிறேன். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்குத் தொழிற்சாலையின் கதவு திறப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? ஃபிட்டர் படித்தவரை அசெம்பிளி வரிசையில் நிறுத்தி, ஆண்டு முழுவதும் ஒரே நாலு போல்ட்டை முடுக்க வைக்கிறார்கள். மெக்கானிக் படித்தவர் பேக்கிங்கில் நிற்கிறார். பெண்பிள்ளைகள் என்றால் பராமரிப்புப் பிரிவின் பக்கமே அனுப்புவதில்லை. ‘அது எண்ணெய்ப் பிசுக்கு வேலை, நைட் ஷிஃப்ட் வரும், உனக்கு வேண்டாம்மா’ என்று அக்கறையோடு சொல்லியே தடுத்துவிடுகிறார்கள். சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால்தான் தொழிலாளிக்கு உள்ள பல உரிமைகள் அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. மற்றவை சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது. அந்த முன்னுரிமை கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் அதிர்ஷ்டமாக இருக்கிறது. சம்பளத்தையும் உரிமையையும் விட்டுக்கொடுத்து ஓர் இளைஞர் அங்கே நிற்பதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டியது கற்றல் ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டால் அவரிடம் மிஞ்சுவது என்ன?

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பராமரிப்பையே வெளியாருக்கு ஒப்பந்தம் விட்டுவிடுகிறார்கள். டிரைவ் பழுதானால் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் பொறியாளர் மடிக்கணினியோடு வருகிறார், கார்டை மாற்றுகிறார், போய்விடுகிறார். எந்திரம் ஓடுகிறது, ஆலையின் ஆட்களுக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: வருகிற பொறியாளர் ஆலையின் தொழில்நுட்பர் ஒருவரையும் அப்ரண்டிஸ் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செய்வதைச் சொல்லிச் செய்ய வேண்டும். செலவு கொஞ்சம் கூடலாம். அடுத்த பிரேக்டவுனில் அது திரும்பி வந்துவிடும்.

தேர்வு முறையும் மாற வேண்டும். ஜெர்மனியில் 1998இல் மெக்கட்ரானிக்ஸைத் தனித் தொழிலாக வகுத்து, மூன்றரை ஆண்டுப் பயிற்சி வைத்தார்கள். அங்கே பயிற்சி பெறுபவர் தானே ஒரு பதிவேடு எழுதி வர வேண்டும். அது இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. தேர்வில், ஆலையில் தான் செய்த உண்மையான ஒரு வேலையை ஆவணங்களோடு தேர்வாளர்கள் முன் விளக்கும் முறையும் உண்டு. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். நம் ஃபிட்டர் தேர்வில் அளவு பிசகாத ஒரு பொருளைச் செய்து காட்டச் சொல்கிறோம். அது வேண்டும். பராமரிப்புக்குப் போகிறவருக்கு அது போதாது. பழுதை வைத்து ஓர் எந்திரத்தைக் கொடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே சொல்லட்டும்.

மூத்த தொழில்நுட்பரின் நேரத்துக்கும் விலை வைக்க வேண்டும். இன்று ஒருவர் அப்ரண்டிஸுக்கு விளக்கிச் சொல்ல அரை மணி எடுத்துக்கொண்டால், அந்த அரை மணி பிரேக்டவுன் நேரமாக அவர் கணக்கில் ஏறுகிறது. அடுத்த முறை அவர் சொல்லிக்கொடுக்க மாட்டார். “ஓரமா நில்லு தம்பி” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பயிற்சி நேரத்தைத் தனியாகக் குறித்து, அதற்கென்று ஒரு படியும் கொடுத்தால் அவரே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார். கற்றதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை இல்லாத நல்ல ஃபிட்டரை நான் பார்த்ததில்லை.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளையை அப்ரண்டிஸாகச் சேர்க்கும்போது உதவித்தொகை எவ்வளவு, பஸ் உண்டா, சாப்பாடு உண்டா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். கூடவே, ‘எந்தப் பிரிவில் எத்தனை மாதம், யாரோடு?’ என்றும் கேளுங்கள். பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினர் சென்ற வாரம் என்னிடம், இந்த ஆண்டு வட்டித் தொகையில் மாணவர்களுக்கு எது செய்தால் பயன்படும் என்று கேட்டார்கள். பதில் சொல்ல இந்த மேடையையே எடுத்துக்கொள்கிறேன். புதிய எந்திரம் வாங்க வேண்டாம். ஆலைகள் கழித்துக்கட்டும் கியர்பாக்ஸ், மோட்டார், பம்பு, ஹைட்ராலிக் வால்வு ஆகியவற்றைப் பழுதோடு அப்படியே வாங்கி, இந்த ஊர் ஐ.டி.ஐ.க்குக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரையும் எலக்ட்ரீஷியன் ஒருவரையும் மதிப்பூதியம் கொடுத்து வாரம் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். மாணவர்கள் பிரிக்கட்டும், காரணத்தைத் தேடட்டும், மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டட்டும். ஆலை நிர்வாகிகள் சிலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். கியர்பாக்ஸைக் கொடுக்கும்போது அதன் லாக்-புக்கின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். அது எப்போதெல்லாம் நின்றது, யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் மாணவர்கள் சரியான இடத்திலிருந்து தொடங்க முடியும்.